மெயில் குவிகிறது, வேலை தேங்குகிறது: அலுவலக மென்பொருள் அறிவிப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

அலுவலக மென்பொருள்கள் அனுப்பும் மெயில், எஸ்எம்எஸ், மொபைல் நோட்டிஃபிகேஷன் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் கொள்முதல், விடுப்பு, பில் ஒப்புதல் எல்லாம் ஒரே மென்பொருளில் நடக்கின்றன. ஒவ்வொரு மேலாளருக்கும் நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் மெயில் வருகிறது. ஒப்புதல் கேட்டு வருகிற மெயில் அதற்குள் புதைந்துபோகிறது. எங்கே கை வைப்பது?
– நிர்வாக மேலாளர், திருப்பூர்

பதில்: செட்டிங்கில் கை வைக்கும் முன் போன மெயில்களின் பட்டியலை எடுங்கள். மாதக் கடைசியும் உள்ளடங்குகிற மாதிரி இரண்டு வாரப் பதிவு போதும். என்ன வகை அறிவிப்பு, யாருக்குப் போனது, எப்போது போனது, அதற்குப் பிறகு அவர் மென்பொருளில் ஏதாவது செய்தாரா, செய்தால் எத்தனை மணிக்கு என்று ஐந்து பத்தி. வகை வாரியாக எண்ணிப் பாருங்கள். குவியலில் பெரும்பங்கு நான்கைந்து வகைகளிலிருந்துதான் வந்திருக்கும்.

பிறகு ஒவ்வொரு வகைக்கும் ஒரே கேள்வி: இதைப் பெறுகிறவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்? பதில் இல்லாத அறிவிப்பை மெயிலிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அது மென்பொருளுக்குள் பதிவாக இருக்கட்டும், தேவைப்படுகிறவர் போய்ப் பார்த்துக்கொள்வார்.

ஒரு இண்டென்ட்டை (பொருள் வாங்கச் சொல்லிப் போடும் கோரிக்கையை) எடுத்துக்கொள்வோம். இண்டென்ட் எழுப்பியது, மூன்று கொட்டேஷன் பதிவானது, துறைத் தலைவர் ஒப்புதல், பொது மேலாளர் ஒப்புதல், பர்ச்சேஸ் ஆர்டர் உருவானது, அது சப்ளையருக்குப் போனது என 8 நிகழ்வுகள். இண்டென்ட் போட்டவர், துறைத் தலைவர், பொது மேலாளர், பர்ச்சேஸ், கணக்குப் பிரிவு என 5 பேர். எல்லாருக்கும் எல்லாமும் போனால் 40 மெயில். உண்மையில் தேவை 5: கொட்டேஷன் வாங்கச் சொல்லி பர்ச்சேஸுக்கு ஒன்று, ஒப்புதல் கேட்டு துறைத் தலைவருக்கு ஒன்று, பொது மேலாளருக்கு ஒன்று, ஆர்டர் போடச் சொல்லி மறுபடி பர்ச்சேஸுக்கு ஒன்று, முடிவைச் சொல்லி இண்டென்ட் போட்டவருக்கு ஒன்று. பில் வரும்வரை கணக்குப் பிரிவுக்கு இதில் வேலையே இல்லை. தான் செய்த காரியத்துக்கே தனக்கு மெயில் வருவதையும் நிறுத்துங்கள். ஜிரா போன்ற பணி மேலாண்மை மென்பொருள்களில் இதற்கென்றே ஒரு செட்டிங் உண்டு.

பெறுகிறவர் என்ன செய்ய வேண்டும் என்கிற கேள்வியை முதலில் கேட்டவர்கள் அலுவலகத்துக்காரர்கள் அல்ல. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸிலுள்ள மில்ஃபோர்ட் ஹேவன் டெக்ஸாகோ சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்தது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்து விழுந்திருந்தன. எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லை. பின்னர் 1999-இல் வெளிவந்த ஈஈஎம்யூஏ 191 என்கிற அலாரம் வழிகாட்டி இரண்டு விஷயங்களை வைத்தது. ஆபரேட்டர் செய்ய வேண்டிய காரியம் இன்னது என்று எழுதிவைக்க முடியாவிட்டால் அது அலாரமே அல்ல. சாதாரண நேரத்தில் ஒரு ஆபரேட்டருக்குச் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் அலாரம் வர வேண்டும். ஒப்புதல் மெயில் தவறினால் ஆலை வெடிக்காது, ஆனால் மனிதக் கவனத்தின் அளவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அடுத்து சப்ஜெக்ட் வரி. "கோரிக்கை 2291 புதுப்பிக்கப்பட்டது" என்று வந்தால் திறந்து பார்க்காமல் எதுவும் தெரியாது. "ஒப்புதல் தேவை: சாயம் 40 கிலோ, ரூ.18,400, இன்று 4 மணிக்குள்" என்று வந்தால் போனில் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்கலாம். செய்ய வேண்டியது முதலில், பொருளும் தொகையும் அடுத்து, கெடு கடைசியில். மெயிலுக்குள் யார் கேட்டார்கள், எந்த ஆர்டருக்கு, போன முறை என்ன விலைக்கு வாங்கினோம் என்கிற மூன்றும் இருக்கட்டும். "இது உங்களுக்கு ஏன் வந்தது" என்று அடியில் ஒரு வரி போடுங்கள். மென்பொருள் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் தன் மெயில்களில் இந்தக் காரணத்தை ஹெடர் எனும் மறைவான பகுதியிலேயே சேர்த்து அனுப்புவதால், பெறுகிறவர் அதை வைத்து ஃபில்டர் போட்டுக்கொள்ள முடிகிறது.

ஒரு எச்சரிக்கை. மெயிலிலேயே "ஒப்புதல்" என்று ஒரு லிங்க் வைத்து, அதைத் தொட்டவுடன் ஒப்புதல் பதிவாகிற மாதிரி செய்துவிடாதீர்கள். பல நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு மென்பொருள், வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே இருக்கும் லிங்க்குகளைத் தானாகவே திறந்து பார்க்கும். மேலாளர் மெயிலைப் பார்ப்பதற்கு முன்பே பில் ஒப்புதலாகிவிடும். லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அந்தப் பக்கத்திலுள்ள பட்டனை மனிதர் அழுத்தினால் மட்டும் பதிவாகட்டும்.

உடனடியாக வேண்டாத, ஆனால் அன்றைக்குள் பார்க்க வேண்டிய விஷயங்களைத் தொகுத்து காலை 9.30, மாலை 3.30 என இரண்டு மெயிலாக அனுப்பலாம். தொகுப்பு கிளம்பும் நொடியில் ஒவ்வொன்றும் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறதா என்று மென்பொருள் மறுபடி சரிபார்க்க வேண்டும். முடிந்துபோன விஷயம் இரண்டு முறை தொகுப்பில் வந்தால், மூன்றாவது முறை அந்த மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் மொபைல் ஆப்பில் ஷிஃப்ட் மாற்ற அறிவிப்புகள் சிலருக்கு அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகின்றன. சர்வர் பதிவில் "அனுப்பப்பட்டது" என்று இருக்கிறது. பழுது எங்கே?
– ஆப் உருவாக்குநர், சென்னை

பதில்: உங்கள் பதிவில் "அனுப்பப்பட்டது" என்றால் அறிவிப்புகளைப் போனுக்குக் கொண்டுசேர்க்கும் கூகுளின் எஃப்சிஎம் சேவை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு விஷயம். உருவான நேரம், எஃப்சிஎம் ஏற்ற நேரம், போனில் ஆப் பெற்ற நேரம், பயனர் திறந்த நேரம் என நான்கையும் தனித்தனியாகப் பதியுங்கள். தாமதம் எந்த இரண்டுக்கும் நடுவில் என்று அப்போதுதான் தெரியும்.

பெரும்பாலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கும். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து டோஸ் என்கிற தூக்க நிலை உண்டு. சார்ஜரில் போடாமல், திரை அணைந்து, அசையாமல் மேசையில் கிடக்கும் போன் சிறிது நேரத்தில் அதற்குள் போய்விடும். சாதாரண முன்னுரிமையில் அனுப்பிய செய்தி, போன் தானாக இடையில் விழிக்கும்வரை காத்திருக்கும். உயர் முன்னுரிமையில் அனுப்பினால் உடனே எழுப்பும். அதற்காக எல்லாவற்றையும் உயர் முன்னுரிமைக்கு மாற்றிவிட வேண்டாம். திரையில் எதையும் காட்டாத செய்திகளை அப்படியே தொடர்ந்து அனுப்பினால் எஃப்சிஎம் உங்கள் ஆப்பின் செய்திகளின் முன்னுரிமையைக் குறைத்துவிடும். ஷிஃப்ட் மாற்றம், அவசர அழைப்பு போன்றவற்றுக்கு மட்டும் உயர் முன்னுரிமையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயுட்காலத்தையும் கவனியுங்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் எஃப்சிஎம் ஒரு செய்தியை 4 வாரம் வரை வைத்திருக்கும். சனிக்கிழமை போனை அணைத்தவர் திங்கட்கிழமை போடும்போது, ஞாயிறு ஷிஃப்டுக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு வந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் பயனுள்ள செய்திக்கு ஆயுளை 7,200 வினாடி என்று வையுங்கள். ஒரே விஷயத்தின் புதிய நிலை பழையதை மாற்றிவிட வேண்டுமானால் கொலாப்ஸ் கீ (ஒரே விஷயத்தின் செய்திகளுக்கான பொது அடையாளம்) கொடுங்கள். ஒரு போனுக்கு ஒரே நேரத்தில் 4 வெவ்வேறு கீ வரைதான் எஃப்சிஎம் வைத்துக்கொள்ளும். கீ இல்லாத செய்திகள் நிலுவையில் 100-ஐத் தாண்டினால் தேங்கியவை எல்லாவற்றையும் அது தள்ளிவிடும். ஆகவே ஆப் திறந்தவுடன் சர்வரிடம் ஒரு முறை கேட்டு நிலவரத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் வழி கட்டாயம் வேண்டும். அறிவிப்பை மட்டும் நம்பியிருக்கும் ஆப் என்றைக்காவது கைவிடும்.

ஷாவ்மி, விவோ, ஒப்போ போன்களில் தொழிற்சாலையிலிருந்தே கடுமையான பேட்டரி சேமிப்பு இருக்கும். ஆட்டோஸ்டார்ட் அனுமதி இல்லாவிட்டால் மூடிய ஆப்புக்கு எதுவும் வராமல் போகலாம். எந்த மாடலில் எந்தப் பக்கத்துக்குப் போய் எதை இயக்க வேண்டும் என்று படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு தயாரித்து, வேலையில் சேரும் அன்றே கொடுங்கள்.

ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கே பயனரின் அனுமதி வாங்க வேண்டும். ஆப்பை நிறுவி முதன்முதலில் திறந்தவுடன் கேட்டால் பலரும் மறுப்பார்கள். இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தக் கேள்விப் பெட்டி பிறகு தோன்றாது. முதல் விடுப்பு விண்ணப்பம் போட்டவுடன் "முடிவு வந்ததும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பது அப்போது அவருக்கே விளங்கும்.

இன்னொன்று: ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகளை சேனல்களாகப் பிரிக்க வேண்டும். "பொது" என்று ஒரே சேனல் வைத்தால், பிறந்தநாள் வாழ்த்தின் தொந்தரவு தாங்காமல் அதை அணைக்கிறவர் ஷிஃப்ட் மாற்றத்தையும் சேர்த்து அணைத்துவிடுவார். ஷிஃப்ட், ஒப்புதல், சம்பளம், அலுவலகச் செய்தி என நான்கு போதும். சேனலை உருவாக்கிய பிறகு அதன் முக்கியத்துவத்தை ஆப் தானாக உயர்த்த முடியாது, அது பயனர் கையில். முதல் வெளியீட்டிலேயே சரியாக வையுங்கள்.

கேள்வி: தொழிலாளர்களுக்கு ஷிஃப்ட் விவரத்தைத் தமிழ் எஸ்எம்எஸ்ஸாக அனுப்புகிறோம். சின்னச் செய்திக்கும் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம் பிடிக்கிறார்கள். சில செய்திகள் போகவே இல்லை.
– மனிதவளப் பிரிவு, கோவை

பதில்: ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் யூனிகோட் என்பதால் 70. அதைத் தாண்டினால் பல துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே அடங்கும். அதோடு, கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, கணக்கில் வரும் எழுத்து வேறு. "ஒப்புதல்" என்பதில் நாம் பார்ப்பது ஐந்து எழுத்து. இரண்டு புள்ளியும் ஓர் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணக்கில் 8.

"அன்பார்ந்த பணியாளரே, தங்களுக்கு நாளை இரண்டாவது ஷிஃப்ட் ஒதுக்கப்பட்டுள்ளது" என்பதே 73. நேரம் சொல்வதற்கு முன்பே இரண்டாவது எஸ்எம்எஸ் ஆகிவிட்டது. "நாளை 2ம் ஷிஃப்ட்: மதியம் 2 மணி. பேருந்து 1.15, காந்திபுரம்." என்பது 59. தொழிலாளிக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது, நிறுவனப் பெயரைச் சுருக்கிப் போட இன்னும் 11 இடமும் இருக்கிறது. மரியாதை குறைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். வேலைக்குக் கிளம்புகிறவருக்குச் சரியான நேரத்தைத் தெளிவாகச் சொல்வதும் மரியாதைதான்.

ஆங்கிலச் செய்திகளிலும் ஒரு பொறி உண்டு. ₹ குறியோ, வேர்டிலிருந்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள் குறியோ ஒன்றே ஒன்று இருந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடாகி 160 என்பது 70 ஆகிவிடும்.

போகாத செய்திகளுக்குக் காரணம் பெரும்பாலும் டிஎல்டி என்கிற எஸ்எம்எஸ் பதிவு முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் டெம்ப்ளேட் (மாதிரி வாசகம்) மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். அனுப்பும் வாசகம் பதிவான டெம்ப்ளேட்டோடு அச்சு அசலாகப் பொருந்தாவிட்டால் தொலைத்தொடர்பு நிறுவனமே தடுத்துவிடும். கூடுதலாக ஒரு இடைவெளி, விட்டுப்போன ஒரு முற்றுப்புள்ளி போதும். மென்பொருளில் யாரோ வாசகத்தைத் திருத்தி, டிஎல்டி-யில் திருத்தாமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. டெம்ப்ளேட் எண்ணையும் வாசகத்தையும் ஒரே இடத்தில் பூட்டிவைத்து, மாற்ற ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். செய்தியில் லிங்க் இருந்தால் அதையும் முன்கூட்டிப் பதிய வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் பதியாத லிங்க் உள்ள செய்தி போகாது.

கேள்வி: ஒரே ஒப்புதல் மெயில் சில நாள் இரண்டு, மூன்று முறை வருகிறது. ஏன்?
– கணக்காளர், மதுரை

பதில்: மெயில் சர்வர் பதில் சொல்லத் தாமதமானால், போகவில்லை என்று நினைத்து மென்பொருள் மறுபடி அனுப்பும். முதலாவதும் போயிருக்கும். மென்பொருள்கள் தங்களுக்குள் செய்தி கைமாற்றும் வரிசைகளும் இப்படித்தான். அமேசானின் எஸ்க்யூஎஸ் சாதாரண வரிசை "குறைந்தது ஒரு முறை" தருவதாகத்தான் உறுதி சொல்கிறது, சரியாக ஒரு முறை என்று அல்ல. உங்கள் மென்பொருள்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: நிகழ்வு எண், பெறுநர், வழி (மெயிலா, எஸ்எம்எஸ்ஸா என்பது) ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு சாவி. அனுப்பும் முன் அந்தச் சாவியை டேட்டாபேஸில் பதிய வேண்டும், ஏற்கனவே இருந்தால் அனுப்பக் கூடாது.

வேறு காரணமும் இருக்கலாம். உங்கள் பெயர் தனியாகவும் "கணக்குப் பிரிவு" குழுவிலும் இருந்தால் இரண்டு மெயில் வரும். குழுவை ஆட்களாகப் பிரித்த பிறகுதான் இரட்டிப்பை நீக்க வேண்டும், அதற்கு முன் நீக்கிப் பயனில்லை.

கேள்வி: சென்னை, சிங்கப்பூர், லண்டன் மூன்றிலும் எங்களுக்கு அலுவலகம் உண்டு. காலைத் தொகுப்பு மெயில் சிலருக்கு மதியமும், சிலருக்கு அலுவலகம் முடியும்போதும் வருகிறது. இரவிலும் போன் சிணுங்குகிறது.
– குழுத் தலைவர், சிங்கப்பூர்

பதில்: சர்வர் கடிகாரம் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அங்கே 9 மணி என்றால் சென்னையில் பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் மாலை 5. ஒவ்வொரு பயனருக்கும் நேர மண்டலத்தைப் பதியுங்கள். "பிளஸ் 5.30" என்று எண்ணாக வைக்காமல் மண்டலத்தின் பெயராக வைக்க வேண்டும். லண்டன் கடிகாரம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாறும், எண்ணாக வைத்தால் பாதி ஆண்டு தப்பாகப் போகும்.

தொகுப்பை அனுப்பும் நிரல் சர்வரில் மணிக்கு ஒரு முறை ஓடினால், காலை 9 மணித் தொகுப்பு சிங்கப்பூருக்குச் சரியாக வரும். இந்தியாவுக்கு அரை மணி பிசகி 8.30-க்கோ 9.30-க்கோதான் வரும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுங்கள். நேபாளம் 5.45 மணி முன்னே இருப்பதால் அங்கே ஆள் சேர்ந்தாலும் ஒத்துவரும்.

இரவு அமைதி நேரத்தில் நிறுத்திவைத்தவற்றைக் காலை 8 மணிக்கு ஒவ்வொன்றாகக் கொட்டிவிடாதீர்கள். காலாவதியானதை நீக்கி, மீதியை ஒரே செய்தியாகத் தொகுங்கள். அலுவலக உரையாடல் ஆப்பான ஸ்லாக் பயன்படுத்தினால் சேனல் எனும் குழு முழுவதையும் அழைக்கும் குறியை நேரம் பார்க்காமல் போட வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருப்பவர்களை மட்டும் அழைக்கும் குறி தனியாக இருக்கிறது. பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. அந்த நாடுகளில் கிளை திறந்தால் இது வசதிக்கான ஏற்பாடாக மட்டும் இருக்காது.

கேள்வி: எந்த அறிவிப்பையும் ஊழியர்கள் அணைக்க முடியாதபடி செய்யச் சொல்கிறது நிர்வாகம். சரியா?
– ஐடி பொறுப்பாளர், ஓசூர்

பதில்: சரியல்ல. மென்பொருளில் அணைக்க முடியாவிட்டால் மெயிலில் ரூல் போட்டு நேராகக் குப்பைக்கு அனுப்புவார்கள், போனில் ஆப்பையே மௌனமாக்குவார்கள். எதை அணைத்தார்கள் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. சம்பளம், பாதுகாப்பு, சட்டப்படி சொல்லியே ஆக வேண்டியவை என இரண்டு மூன்றை மட்டும் பூட்டுங்கள். மற்றவற்றில் எதை, எந்த வழியில் என்று தேர்வு கொடுங்கள். அதற்காக நாற்பது பெட்டியுள்ள பக்கம் வேண்டாம், பெரும்பாலானவர் அங்கே போகவே மாட்டார்கள். தொடக்கத்தில் நீங்கள் வைத்துக் கொடுக்கும் நிலைதான் கடைசிவரை இருக்கும் என்று எண்ணியே அதை முடிவுசெய்யுங்கள்.

நிர்வாகத்தின் கவலை ஒப்புதல் தேங்குவது என்றால் அதற்கு வழி வேறு. நான்கு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அடுத்த நான்கு மணி நேரத்தில் மாற்றுப் பொறுப்பாளருக்குப் போகட்டும். விடுப்பில் இருப்பவருக்கு முதலிலேயே போகக் கூடாது. விடுப்புப் பதிவும் அதே மென்பொருளில் இருந்தும் இரண்டையும் இணைக்காமல் விட்டிருப்பதை நிறைய இடங்களில் காணலாம்.

கேள்வி: மாற்றங்கள் பலித்தனவா என்று எப்படி அளப்பது? எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று பார்த்தால் போதுமா?
– மென்பொருள் சோதனையாளர், திருச்சி

பதில்: போதாது. திறந்த கணக்கு, மெயிலுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு படம் தரவிறங்குவதை வைத்துத்தான் வருகிறது. ஆப்பிள் 2021-இல் ஐஓஎஸ் 15-உடன் கொண்டுவந்த மெயில் தனியுரிமைப் பாதுகாப்பு, பயனர் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும். ஆப்பிளின் மெயில் ஆப்பில் அதை இயக்கிவைத்திருப்பவர்கள் படிக்காமலே படித்துவிட்டதாக உங்கள் அறிக்கை சொல்லும்.

அறிவிப்பு போனதற்கும் அதற்கான வேலை முடிந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை எடுங்கள். சராசரி வேண்டாம், வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பாருங்கள். இரண்டு வாரம் கிடப்பில் கிடந்த ஒரே ஒரு பில் சராசரியைக் கெடுத்துவிடும். அதோடு ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை அறிவிப்பு, எந்தச் சேனலை எத்தனை பேர் அணைத்தார்கள் என்ற இரண்டையும் வாரம் ஒரு முறை குறித்துவையுங்கள். அறிவிப்புகளின் எண்ணிக்கை குறைந்தும் வேலை முடியும் நேரம் நீளவில்லை என்றால், நீங்கள் எடுத்தவை யாருக்கும் தேவைப்படாதவை. நேரம் நீண்டால், எடுத்த வகைகளில் கடைசியாக எடுத்ததை முதலில் திரும்பப் போட்டு ஒரு வாரம் பாருங்கள். ஒரே நாளில் எல்லா வகையையும் மாற்றியிருந்தால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை, ஆகவே வாரத்துக்கு ஒரு வகையாக மாற்றுங்கள். மாதக் கடைசி வாரத்தை மட்டும் அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி வாரத்தோடு ஒப்பிடுங்கள்.